வாளியில் ஊறிய ஸ்பானர்கள்

கழன்ற சைக்கிள் சங்கிலியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவாள் என்பதால், தெருவில் எல்லோருக்கும் அவள் சங்கிலி. கணவனுக்கும் அப்படித்தான். அப்பா காலத்துக்குப் பிறகு அவருடைய சைக்கிள் கடையின் முன்னால் அண்ணன் உட்கார்ந்து வாயால் வேலை பார்த்தான். பின்னால் உட்கார்ந்து கையால் பார்த்தவள் இவள். ஒருநாள் போதும் போதும் என்றாகி, தனியாகக் கடை போடப் போவதாகச் சொன்னாள்.

"தாராளமா போடு. அப்பாவோட பழைய சாமானெல்லாம் நீயே எடுத்துக்க" என்றான் அண்ணன். என்ன தாராள மனசு! மழையில் நனைந்து கிடந்த ஒரு தகரப் பெட்டியைத் தங்கை தலையில் கட்டிவிட்டான். திறந்தால் ஸ்பானர், குறடு, சுத்தியல் எல்லாம் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அந்த நேரம் பார்த்து பேக்கரி மேனேஜர் சொல்லியனுப்பினார். ரொட்டி விற்கும் சைக்கிள் வண்டிகளைப் பழுது பார்க்கப் புது ஆள் வேண்டுமாம். திங்கட்கிழமை காலை வருவாராம், சொந்தக் கருவி இருந்தால் வேலை அவளுக்காம். இல்லாவிட்டால் அண்ணன் கடைக்கே கூலிக்குத் திரும்ப வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

புதிதாக வாங்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அடுக்களையில் இருந்த வினிகரையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, உப்பைப் போட்டு, கருவிகளை முக்கி வைத்தாள்.

"சமையலுக்கு ஏதாவது மிச்சம் வெச்சிருக்கியா, இல்ல இன்னிக்கு ஸ்பானர் ஊறுகாய்தானா?" என்றான் கணவன்.

"பேசாம அந்தப் பழைய பிரஷ்ஷை எடுத்துட்டு வாங்க."

சாயங்காலம் இருவருமாகத் தேய்த்தார்கள். துரு சேறாகக் கரைந்து போக, உள்ளேயிருந்து இரும்பு பல்லைக் காட்டியது. குழாயடியில் கழுவித் துணியில் பரப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்து பார்த்தால் எல்லாம் மறுபடி செம்மண் நிறம். அண்ணன் சிரிப்பது அவள் காதில் கேட்பது போலிருந்தது. ஒரு ஸ்பானரை எடுத்து முகர்ந்தாள். இன்னும் வினிகர் வாடை. அப்போதுதான் உறைத்தது. புளிப்பை முறிக்காமல், ஈரத்தைத் துடைக்காமல் விட்டால் இரும்பு சும்மா இருக்குமா?

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. புதுத் துரு மேலோட்டமானது. எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்ததும் விட்டது. உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீரில் போட்டாள். புஸ்ஸென்று நுரை பொங்கியது. அது அடங்கியதும் கணவன் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுக்க, வாணலியில் போட்டுச் சூடுகாட்டி, தையல் மெஷின் எண்ணெயைப் பூசினாள். தன் கடைக்கென்று ஒதுக்கிய மாடிப்படி அடியில் சாக்கை விரித்து அடுக்கி முடிக்கவும் மேனேஜர் வரவும் சரியாக இருந்தது.

அவர் சும்மா வரவில்லை. பின்சக்கர நட்டு இறுகிப்போன ஒரு ரொட்டி வண்டியையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். "இதை வெட்டித்தான் எடுக்கணும்னு உங்க அண்ணன் சொல்லிட்டாரு."

நட்டைச் சுற்றி, வாளியில் மிச்சமிருந்த வினிகரில் நனைத்த துணியைக் கட்டினாள். மேனேஜர் டீ குடித்து, பேப்பர் படித்து, கொட்டாவியும் விட்டார். பிறகு துணியை அவிழ்த்து, எண்ணெய் விட்டு, ஸ்பானரை மாட்டி அழுத்தினாள். ஸ்பானர் வழுக்கவில்லை. கிரீச்சென்று ஒரு சத்தம். நட்டு சுற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "வண்டியெல்லாம் இனிமே இங்கதான் வரும். ஆனா ஒண்ணும்மா, முன்னாடி உங்க அண்ணன் கை வெச்சா வருஷக்கணக்குல ஓடும். அந்தக் கைக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."

எண்ணெய்க் கறுப்பு அப்பிய தன் வலது கையைச் சங்கிலி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அதுக்கு ஒண்ணும் ஆகலை சார். இதுதான் அது."