இருபது கிலோவுக்குள்

கீரமங்கலத்துப் பூ கமிஷன் கடையில் ஆத்மநாதன் எடை போட்டால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பதினாறு வருஷப் பழக்கம். கூடையைத் தூக்கும்போதே, பூவில் தண்ணீர் தெளித்து வந்திருக்கிறார்களா என்று அவர் கை சொல்லிவிடும். விடியுமுன் தொடங்கும் வேலை ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்துவிடும். சனி, ஞாயிறுகளில் அதன்பிறகு மகள் இலக்கியாவைக் கராத்தே வகுப்புக்குக் கூட்டிப்போவார்.

அவளுக்கு ஏழு வயது. ஒரு தனியார் பள்ளியின் சைக்கிள் கொட்டகையில் வகுப்பு நடக்கும். மற்ற பெற்றோர்கள் வண்டிகளில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆத்மநாதன் பிள்ளையைப் பார்ப்பார். அவள் காற்றில் குத்திக் கத்தும்போதெல்லாம் அவர் வாயும் லேசாகத் திறக்கும். அது அவருக்குத் தெரியாது.

"என்ன மாப்ள, பொண்ணைப் பெத்திருக்கியா, உதிரிப்பூவைப் பெத்திருக்கியா? காத்தடிச்சா பறந்துரும்போல" என்பார் செல்போன் கடை ரிஃபாய். அவர் மகனும் அங்கேதான் படிக்கிறான்.

"உங்க மகன் முன்னாடி நிக்கிறானே மாமா. காத்து எங்கிட்டு வரும்?"

போன ஆடியில், புதுக்கோட்டையில் போட்டி என்று அறிவிப்பு வந்தது. மாஸ்டர் சவரியப்பன் பிள்ளைகளை எடை பார்த்தார். இலக்கியா இருபது கிலோ அறுநூறு கிராம்.

"இருபதுக்குள்ள இருந்தா இவளுக்கு மெடல் உறுதிங்க. இப்ப அடுத்த பிரிவுலதான் வருவா. அதுல எல்லாம் ஒசரமான பிள்ளைங்க. பரவால்ல, அனுபவந்தானே, ஆடட்டும்."

ஆத்மநாதன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒரு மேடையிலும் ஏறியதில்லை. அவர் கல்யாணமே திருவரங்குளம் கோயிலில் பத்துப் பேரோடு முடிந்துபோனது.

"அறுநூறு கிராமெல்லாம் ஒரு எடையா? ஒரு கூடை மல்லிய வெயில்ல வச்சா அம்புட்டு தன்னால கொறஞ்சிரும்" என்றார் வீட்டில்.

"அது பூவுங்க. இது பிள்ளை" என்றாள் மனைவி அன்புச்செல்வி.

"எட்டே நாளு. நான் என்ன பட்டினியா போடப்போறேன்?"

பட்டினி போடவில்லைதான். மூன்று தோசை இரண்டாகி, இரண்டு ஒன்றானது. பால் நின்றது. பள்ளிவிட்டு வந்ததும் சட்டைமேல் சட்டை போட்டுத் தெருவில் ஓடவிட்டார். கூடவே அவரும் ஓடினார். பிள்ளைக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. காலையில் எழுந்ததும், அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த பழைய தராசில் ஏறி நின்று "எவ்வளவுப்பா?" என்பாள். குறைந்திருந்தால் இருவரும் கை தட்டிக்கொள்வார்கள். நடுநடுவே கடலை மிட்டாயை நீட்டி "வேணுமாத்தா? சாப்பிடு" என்பார். வேண்டாமென்று தலையாட்டினால், "டெஸ்ட்டுல பாஸு! சாம்பியன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று கொஞ்சுவார்.

போட்டியன்று காலை அங்கே எடை போட்டபோது பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம். மகளைத் தூக்கிச் சுற்றினார்.

அதன்பிறகு சாப்பாடு கொடுத்திருக்கலாம். ஆட்டத்துக்கு முன் மறுபடியும் எடை போடுவார்கள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அதை நம்பி அரை வாழைப்பழம் மட்டும் கொடுத்தார். அன்புச்செல்வி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் பையில் கிடந்தது. மறுபடி யாரும் எடை போடவில்லை. இலக்கியாவின் முறை இரண்டரை மணிக்குத்தான் வந்தது. விரிப்பில் ஏறி, எதிரில் நின்ற பிள்ளைக்குக் குனிந்து வணக்கம் வைத்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று டாக்டர் கேட்டார்.

ஆத்மநாதன் வாய் திறப்பதற்குள் இலக்கியா சொன்னாள்: "மூணு இட்லி. அப்புறம் பாலு."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல அப்பாவைப் பார்த்தாள். டாக்டரும் அவரைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார் ஆத்மநாதன்.

எதிர்வீட்டில் இருக்கும் என்னிடம் இதுவரை மூன்று முறை அதைச் சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் அந்த 'ஆமாங்க'வுக்கு மேல் அவரால் போக முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் "இனிமே கராத்தே வேணாம்த்தா. நல்லாச் சாப்பிடு, அது போதும்" என்றார். பத்து நாள் கழித்து, அலமாரிக்குப் பின்னால் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து அன்புச்செல்வி அங்கே சுருட்டிச் செருகியிருந்த துணியை இழுத்தாள். காய்ந்த தோசைத் துண்டுகள்.

"ஏன்டி இப்படிப் பண்ணுன?"

"எடை கூடுனதாலதானே அப்பா நிப்பாட்டுனாரு? கொறைச்சிட்டா திரும்பச் சேத்துவிடுவாருல்ல."

மறுநாளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மாஸ்டரும் பிள்ளையை உட்காரவைத்து, இனி உனக்குப் போட்டியே கிடையாது, எடையும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தட்டு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடுத்தா."

"டெஸ்ட்டுதானேப்பா? எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள். கை தட்டைத் தொடவில்லை.

அவர் தட்டிலிருந்து ஊட்டினார். வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். அதட்டினார். அழுதார். அவர் அழுததும் அவளும் அழுதாள். இப்போது பதினெட்டரை கிலோ. வீட்டுத் தராசைத் தூக்கிப் போடச் சொன்னார் டாக்டர்; போட்டாயிற்று. மாதம் ஒருமுறை அவரிடம் காட்டப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போகிறார்கள்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க இல்லாட்டி ரெண்டு வாய் கூடத் திங்குறா. அவ சாப்பிடுற நேரம் கொஞ்சம் அங்கிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்றாள் அன்புச்செல்வி ஒருநாள்.

அதிலிருந்து அவர் மகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் கோழிக்குழம்பு கொதிக்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறார். பிள்ளை சாப்பிட்டு முடித்ததும் அன்புச்செல்வி மிஸ்டு கால் கொடுப்பாள்.

போன ஞாயிறு அவரை அங்கே பார்த்தேன். மணி மூன்றாகப் போகிறது. ஆலங்குடி பஸ் ஒன்று கிளம்பிப் போனது. போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போகலையாண்ணே?"

"இன்னும் திங்கிறா போல, தம்பி" என்றார். "மெதுவாத் திங்கட்டும்."