இரண்டு கோடு, ஒரு பந்து

தோற்றுப்போன ஆட்டத்தை நல்ல ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இது இப்போது தெரிகிறது. அந்த நாட்களில் எங்கள் மூவரில் நான்தான் கறாரான நடுவர் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

மூவர் என்றால் நான், வங்கியில் வேலை பார்த்த ஓர் அண்ணன், கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்த ஓர் அக்கா. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பினாங்கில் வசதியுள்ளவர்கள் எல்லாம் வட்டுப் போட்டு ஆடும் புது டிவி கேம் வாங்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் பதினைந்து இருபது வருஷத்துப் பழைய பெட்டிகளைத் தேடித் தேடி ஆடிக்கொண்டிருந்தோம். பெட்டியில் செருகும் ஆட்டங்களை நாங்கள் கேசட் என்போம். செருகுவதற்கு முன் வாயால் ஒரு ஊது ஊத வேண்டும். அதற்குப் பிறகும் படம் வராவிட்டால் பெட்டி பழுதுபார்க்க என்னிடம் வரும். கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷனாக இருந்தேன்; வாரம் முழுக்க அங்கே சாலிடர் பிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறித் தீவுக்கு வந்தும் அதையே செய்வேன். சம்பளம்தான் கிடையாது.

கூடுமிடம் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் அக்காவின் வீடு. அங்கே அக்காவும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். ஆண்ட்டிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஞாயிறு மதியம் உள்ளறையில் படுத்திருப்பார். நாங்கள் எட்டிப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்பதோடு சரி. அதற்குமேல் அவரைப் பற்றி நாங்கள் யோசித்ததில்லை. எங்களுக்கு மார்க் போடும் வேலை இருந்தது.

அது பெரிய வேலை. ஒருவரோடு ஒருவர் மூன்று ரவுண்டு ஆட வேண்டும். பிறகு ஆளுக்கொரு மூலையில் திரும்பி உட்கார்ந்து, பத்துக்கு எத்தனை என்று துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். அண்ணன் சீட்டுகளை வாங்கி நோட்டில் ஏற்றுவார். யாரும் எந்த ஆட்டத்துக்காகவும் வாய் திறந்து பரிந்து பேசக்கூடாது. சராசரி ஐந்துக்குக் கீழே போனால் அந்தக் கேசட் பைக்குள் போய்விடும். அடுத்த ஞாயிறு காலை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று மாற்றி வருவோம். அக்கா வீட்டுச் சப்பாத்து அலமாரியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தட்டு. அதனால் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே அக்காதான். எதிலும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு. ஆட்டத்திலும் அப்படித்தான், நான் அவரை எதிலும் ஜெயித்ததே இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை பழைய கேசட்டுகளுக்கும் மறுபடி மார்க் போடுவோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரியிலேயே மட்டமானது என்று நான் நினைத்திருந்த ஆட்டத்தின் முறை வந்தது. திரையில் இரண்டு கோடு, நடுவில் ஒரு பந்து, அவ்வளவுதான். குமிழைத் திருகினால் கோடு மேலும் கீழும் போகும். பந்தைத் தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. முதலில் பதினைந்து எடுப்பவருக்கு வெற்றி. போன வருஷம் நான் அதற்கு மூன்று போட்டிருந்தேன். அண்ணன் நாலு. அக்கா ஒன்பது போட்டதால் தப்பித்தது, அதுவும் மயிரிழையில். இந்த முறை அண்ணன், ஆட்டம் தொடங்கும் முன்பே அதைப் பையின் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டார்.

அன்றைக்கு நான் அக்காவை ஜெயித்தேன். ஒரு ரவுண்டு அல்ல, மூன்று ரவுண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஆட்டத்தில் இவ்வளவு நுணுக்கம் இருக்கிறதா, இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று மனதாரத் தோன்றியது. சீட்டில் எட்டு என்று எழுதினேன். கேசட் பிழைத்தது.

அண்ணன் சீட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“தம்பி ஜெயிச்சா எட்டு, தோத்தா மூணு. முழு நோட்டும் அப்படித்தான் லா இருக்கு.”

பிடுங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முகம் சிவக்க ஏதேதோ வாதாடிவிட்டு, தட்டில் வைத்த மீ கோரெங் நூடுல்ஸைக்கூடத் தொடாமல் கிளம்பினேன். ஃபெர்ரியில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் அடுத்தது உறைத்தது. அக்கா அந்தப் பந்துகளை எப்படித் தவறவிட்டார்? கண் முன்னால் மெதுவாக வந்த பந்தையெல்லாம் விட்டாரே. அண்ணன் இன்று கண்டுபிடித்ததை அக்கா எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். தெரிந்தே தோற்று என் மார்க்கை வாங்கியிருக்கிறார். பட்டர்வொர்த் கரை வந்து சேர்வதற்குள் எனக்கு அசல் கோபம் வந்துவிட்டது. முகத்துக்கு நேரே கேட்காவிட்டால் சோறு இறங்காது போலிருந்தது.

புதன்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் திரும்ப ஃபெர்ரி ஏறினேன். அக்கா வேலை விட்டு வரும் நேரம் பார்த்துப் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது, கம்பிக்கதவு மட்டும் பூட்டியிருந்தது. உள்ளே டிவியில் அந்த இரண்டு கோடும் ஒரு பந்தும் ஓடிக்கொண்டிருந்தன. டிவிக்கு முன்னால் நாற்காலியில் ஆண்ட்டி. நாற்காலியின் இடது கைப்பிடியில் குமிழைப் பேண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இடது கையால் அதைத் திருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில், ஆபீஸ் உடைகூட மாற்றாமல், அக்கா.

சண்டை போட வந்தவன் சாவிக்காகக் காத்து நின்றேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே தாழ்ந்த குரலில் சொன்னார்.

“எல்லா கேசட்டும் போட்டுப் பார்த்துட்டேன் தம்பி. எல்லாத்துக்கும் ரெண்டு கை வேணும். அம்மா ஒரு கையால ஆடுறது இது ஒண்ணுதான்.”

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னா பாவம் பார்த்து மார்க் போடுவீங்க. ரூல் போட்டதே நான்தானே லா.”

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கம் மட்டும் மிச்சமிருந்தது. அக்கா தேத்தண்ணி கலக்க அடுப்படிக்குப் போனார். ஆண்ட்டி தலையை அசைத்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஆடினோம். விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே ஆண்ட்டி ஒன்பது புள்ளி எடுத்துவிட்டார். பிறகு நான் உயிரைக் கொடுத்து ஆடினேன். பதினைந்துக்கு ஆறு. அந்த இடது கையிடம் நியாயமாகத் தோற்றேன்.

வழக்கப்படி எரிச்சல் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. இந்த ஆட்டத்துக்குப் பத்தும் போடலாம் என்று பட்டது. அதே உற்சாகத்தில், நீங்கள் எத்தனை மார்க் போடுவீர்கள் ஆண்ட்டி என்று கேட்டேன்.

ஆண்ட்டிக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நாலு.”

சரியாகக் கேட்கவில்லையோ என்று குனிந்தேன்.

“சும்மா மேல கீழ, மேல கீழ. என்ன ஆட்டம் தம்பி இது? மூணு மாசத்துலயே சலிச்சுப் போச்சு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “வேலை விட்டு வந்தா சமைக்கணும், துவைக்கணும், என்னைக் குளிப்பாட்டணும். ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டா. இதைப் போட்டாத்தான் அரை மணி நேரம் பக்கத்துல உக்காருறா. அவகிட்ட சொல்லிடாத.”

அக்கா தேத்தண்ணிக் கிளாஸ்களோடு வந்து யார் ஜெயித்தது என்று கேட்டார். ஆண்ட்டிதான் என்றேன். அக்காவின் முகத்தில் வந்த பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. தான் ஜெயித்த எந்த ஆட்டத்துக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. எழுந்து அவரிடம் என் குமிழைக் கொடுத்தேன். அக்கா உட்கார்ந்து, இன்னொரு ரவுண்டு ஆடலாமாம்மா என்று கேட்டார். ஆண்ட்டி தலையாட்டினார். பந்து கிளம்பியது. அக்கா திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஆண்ட்டி அக்காவைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருகினார். முதல் பந்து தவறிப் போனது, இரண்டாவதும் போனது.