வலப்பக்கச் சில்லு

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே ஆறு வருடங்கள் போய்விட்டன. கொப்பி வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் மூடி வைத்திருக்கிறேன். நான் அதிகம் படித்தவனல்லன். ஆனால் எழுதத் தெரியாமல் விடவில்லை. எழுதினால் நானே ஒப்புக்கொண்டதாகிவிடும், அதனால் விட்டேன்.

கொட்டாஞ்சேனையில் எங்களிடம் ஒரு பழைய லொறி இருந்தது. புறக்கோட்டையில் அரிசி, பருப்பு மூட்டைகளை ஏற்றி வெள்ளவத்தைக் கடைகளில் இறக்கும். அதன் முன் சக்கரங்களின் பிரேக் தேய்ந்து, மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தது. மாளிகாவத்தையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முஸ்லிம். பதினைந்து வருடப் பழக்கம்.

பிரேக் டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனர் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு இரண்டு பேரும் போனோம். நீண்ட நாள் உழைக்கும் என்று கடைக்காரர் காட்டிய கடினமான லைனரை நான் கையில் எடுத்தேன். மெக்கானிக் அதை வாங்கித் திரும்ப மேசையில் வைத்தார்.

"ஒங்கட டிரம் கிழவன், முதலாளி. இதப் போட்டா லைனர் இரிக்கும், டிரம் இரிக்காது. மெதுவானத எடுங்க. கெதியாத் தேயும், ஆனா புடிக்கும்."

"அடிக்கடி மாத்தோணுமே?"

"மாத்துங்க. பிரேக் எண்டா தேயத்தான் வேணும். தேயாத பிரேக்க வச்சி மாலை போட்டுக் கும்பிடவா?"

கடைக்காரரும் சிரித்தார். மென்மையானதையே வாங்கினோம். திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "முன்னுக்கு ரெண்டு சில்லுக்கும் ஒரே நாள்ல போடோணும். ஒண்டு புதுசு, ஒண்டு பழசு எண்டா, புதுசு புடிக்கிற பக்கத்துக்கு லொறி இழுத்துட்டுப் போய்ரும்."

அதை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கியது. இரண்டு சில்லுக்கும் உரிய லைனர்களை அவர் முதல் நாளே ரிவெட் அடித்து ஆயத்தமாக வைத்திருந்தார். நான் சாம்பிராணி காட்டி, வலப்பக்கத்தில் தொடங்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் எதையும் வலப்பக்கத்தில்தான் தொடங்குவோம். டிரம் துருப்பிடித்து இறுகியிருந்ததால், அந்த ஒரு சில்லை முடிக்கவே பத்தரை ஆகிவிட்டது. அவர் வண்டியைத் தூக்கும் ஜக்கை இடப்பக்கம் தள்ளினார். நான் தடுத்தேன்.

"இனி ராகுகாலம். பன்னிரண்டுக்குப் பிறகு கழட்டுவம்."

"சில்லுக்குமா ராகுகாலம்? பன்னெண்டுக்கு எனக்கு ஜும்மாத் தொழுகை, முதலாளி."

"அப்ப ஜும்மா முடிச்சு வந்து செய்யுங்கோ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, போய்த்து வாறன். அதுக்குள்ள வண்டிய எடுக்க வாணாம், விளங்கினதா?"

விளங்கியது என்றேன்.

அவர் போன பிறகு வெள்ளவத்தைக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. புறக்கோட்டையில் மூட்டைகள் காத்துக் கிடக்கின்றன, உடனே ஏற்றி அனுப்ப வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு தாண்டியிருந்தது. ராகுகாலம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி எனக்கு. என் சாரதி சாப்பிட்டுவிட்டு வந்தார். நாற்பது வயது, இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன்.

"அண்ணே, வேலை முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது. மெதுவாப் போ."

இவ்வளவுதான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று யோசித்தால் ஒன்றும் வருவதில்லை.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு குறுகிய ஒழுங்கையில், மூட்டைகளோடு போன லொறிக்குக் குறுக்கே ஸ்கூட்டர் ஒன்று வந்தது. சாரதி பிரேக்கை அழுத்தி மிதித்தார். லொறி வலப்பக்கம் இழுத்துப்போய் மின்கம்பத்தில் மோதியது. அவருடைய வலது முழங்கால் நசுங்கியது. வழி நெடுகக் கொஞ்சம் இழுத்ததாம். புது லைனர் இன்னும் படியவில்லை என்று நினைத்தாராம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களில பிழையில்ல அண்ணே" என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்று மாலை வழக்கம்போல விளக்கேற்றினேன். கை தானாக எல்லாவற்றையும் செய்தது.

மோதிய இடத்தில் லொறியைப் பரிசோதித்தபோது ஒரு சில்லில் புது லைனரும் மற்றதில் பழையதும் இருப்பதைக் கண்டார்கள். இரண்டு சில்லுக்கும் வாங்கி, மெக்கானிக் ஒன்றுக்குத்தான் போட்டிருக்கிறான் என்று அங்கே நின்ற லொறிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். செய்தி கேட்டு அங்கே வந்திருந்த மெக்கானிக் என்னைப் பார்த்தார்.

"முதலாளி, நீங்க சொல்லுங்க."

"உள் வேலை எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். லொறிகள் அவரிடம் போவது குறைந்தது, பிறகு நின்றது. கராஜையும் மூடிவிட்டார். நான் கோயிலுக்குப் போனேன், விரதம் பிடித்தேன். மனதில் ஒன்றும் அசையவில்லை. அழுகையும் வரவில்லை.

சாரதி இப்போது லொறி ஓட்டுவதில்லை. வலது கால் மடங்காது. போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "தேத்தண்ணி குடிச்சிட்டீங்கதானே, போங்கோ" என்றார்.

மறுநாள் மெக்கானிக்கைத் தேடிப்போனேன். இப்போது ஒரு கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கட்டும் கையை நிறுத்தவில்லை.

"எனக்கிட்ட வந்து சொல்லி என்ன? எனக்குத் தெரியாததா? லொறிக்காரங்கள்ட்டச் சொல்லுங்க."

அதற்காகத்தான் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள், லொறி வைத்திருப்பவர்களிடமும் ஓட்டுபவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். ராகுகாலத்தின் மேல் பழியைப் போடவேண்டாம். நான் பிறகு வருந்தினேன் என்றும் சேர்க்கவேண்டாம். இரண்டு சில்லுக்கும் லைனர் ஆயத்தமாக இருந்தது. ஒன்றோடு நிறுத்தச் சொன்னவன் லொறியின் சொந்தக்காரன், வேலை முடிந்தது என்று பொய் சொல்லி லொறியை அனுப்பியவனும் அவனே. இதைக் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.