பொரித்த வாசம்

என் அக்கா யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். வாங்கிய பாலை மோந்து பார்ப்பாள். காய்ச்சிய பிறகும் ஒரு தடவை மோந்து பார்ப்பாள். தையல் கடை வைத்திருக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொள்கிறார்களா என்று கண் வைத்துக்கொண்டேதான் டேப்பைச் சுற்றுவாள். கூடப் பிறந்த நானே சும்மா எட்டிப் பார்த்தால்கூட, "என்ன வேணும்?" என்பதுதான் முதல் கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அத்தானோ நாக்குக்கு அடிமை. பள்ளி வேன் ஓட்டுகிறார். போன வருஷம் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், எண்ணெயில் பொரித்த எதையும் தொடக்கூடாது, இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பரணில் போட்டாள் அக்கா.

அந்த நேரம் பார்த்துத்தான் வேன் முதலாளி பயோடீசலுக்கு மாறினார். ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து தயாரிப்பது. அந்த வேனைப் பழுது பார்ப்பவன் நான். எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கரும்புகை குறைந்தது, என்ஜின் சத்தம் மட்டுப்பட்டது, பிள்ளைகள் மூக்கைப் பொத்துவது நின்றது. பதிலுக்கு, டேங்கில் வருஷக்கணக்காய்ப் படிந்திருந்த அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைத்தது. ரப்பர் குழாய்கள் ஊறி உப்பின. மைலேஜும் கொஞ்சம் அடி வாங்கியது. போதாததற்கு, புகை பலகாரக் கடை மாதிரி மணந்தது.

அத்தான் சட்டையும் மணந்தது. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லு. உங்க அத்தான் வெளியில எதையோ தின்னுட்டு வராரு. நீயும் கூட்டு."

"அக்கா, அது வண்டி வாசம். கேன்ல இருந்து ஊத்தறப்போ சட்டையில படுது."

"ஓஹோ, வண்டி பலகாரம் சுடுதாக்கும்?"

சொன்னால் நம்புகிற ஜென்மமா அது? மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஷெட்டுக்கே வந்துவிட்டாள். வேனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, குனிந்து, புகைக்குழாய்ப் பக்கம் மூக்கை நீட்டினாள். இருமினாள். விடாமல் இன்னொரு தடவை மோந்தாள்.

"சரி, நம்பறேன்" என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. வேனுக்குள்ளிருந்து அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

குளிர்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் வேன் மக்கர் பண்ணியது. திறந்து பார்த்தால், குளிரில் எண்ணெய் இறுகி ஃபில்டர் முழுக்க வெண்ணெய் மாதிரி அப்பிக் கிடந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் தெருவில் காத்து நின்றதுதான் மிச்சம். குளிர் விடும்வரை வெறும் டீசலே போதும் என்றார் முதலாளி. டேங்கைக் கழுவி நான்தான் டீசல் ஊற்றினேன்.

சில வாரம் கழித்து, அக்கா வீட்டில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். துவைக்கத் துணி பிரித்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. அத்தான் முந்தின நாள் போட்டிருந்த சட்டையை எடுத்து மோந்தாள். என்னிடம் நீட்டினாள். பொரித்த வாசம் கும்மென்று அடித்தது.

அத்தான் அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையோடு போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள். வீட்டை இரண்டாக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தமே போடவில்லை.

"என்னங்க இது?"

"அதான் உனக்குத் தெரியுமே. வண்டி வாசம்."

"வண்டி டீசலுக்கு மாறி மாசமாச்சாம். நீங்க இன்னும் மாறலையா?"

அத்தான் என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "எப்பவாவதுதான். நாக்கு கேக்க மாட்டேங்குது" என்றார்.

அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஒரே ஒரு தடவை நம்பினேன். அதுவும் உங்களை" என்றாள். "நீங்க போயிட்டா, நான் யாரைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இந்த வீட்டுல உக்காந்திருப்பேன்?"