அண்ணாவின் படத்துக்கு மாலை போட்ட பாட்டுப் போட்டி

டீவிப் பாட்டுப் போட்டிக்கு விண்ணப்பப் படிவம் நான்கு பக்கம் என்றால் நம்புவீர்களா? பாடப்போகும் பாட்டை எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். யாரிடம் பாட்டுப் படித்தீர்கள் என்பதற்கு இரண்டு வரி. ‘வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த துயரங்கள்’ என்பதற்கு ஒரு முழுப் பக்கம். கீழே சின்ன எழுத்தில், இடம் போதாவிட்டால் வேறு தாள் இணைக்கலாமாம்! வாசித்தவுடனேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணிக்கடையில் காலையிலிருந்து பின்னேரம் வரை நிற்பதால் கால் வீங்குகிறது என்று எழுதிக் கொடுத்தேன். வேறென்ன எழுதுவது? நான் பாட வந்தவள், ஒப்பாரி வைக்க வந்தவள் இல்லை.

மட்டக்களப்பு டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் தேர்வு நடந்தது. வவுணதீவிலிருந்து முதல் பஸ்ஸில் பாலம் கடந்து போய், ஆறரை மணிக்கே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மாங்கேணியிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரர் நின்றார். நேரம் போகவேண்டுமே என்று மெல்லிய குரலில் ஒரு பாட்டைப் பாடினார். வரிசையே வாயை மூடிக்கொண்டது. இந்த மனிசன் இருக்கும்போது நமக்கு எங்கே இடம் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. உள்ளே போனவர் நாலு நிமிடத்தில் வெளியே வந்தார்.

“என்னண்ணே, எடுத்திட்டாங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல தங்கச்சி. கஷ்டம் என்ன எண்டு கேட்டாங்க. கலியாணம் முடிச்சி, புள்ளையளோட நல்லா இரிக்கன் எண்டு செல்லிப்போட்டன். போகச் செல்லிட்டாங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. நல்லாயிருப்பது ஒரு குற்றமா?

என் முறை வந்தது. நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பாடி முடிக்கும் வரை அவர் தலையை நிமிர்த்தவேயில்லை. நான் நன்றாகத்தான் பாடினேன். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீடுகளுக்கும் பாடிப் பழகிய குரல் அது, பொய் சொல்லாது. பக்கத்தில் கறுப்புச் சட்டையோடு நின்ற கொழும்பு இயக்குநர் தலையாட்டினார்.

“வொய்ஸ் நல்லாயிருக்கு தங்கச்சி. ஆனா ஸ்டோரி இல்லையே. வீட்ல யார் யார் இருக்கிறீங்க?”

“அம்மாவும் நானும் சேர். அப்பா வருத்தத்தில மோசம் போயிட்டார்.”

அப்பா செத்தது அவர்களுக்குப் போதவில்லை. ஒருவருடைய முகமும் அசையவில்லை.

“கூடப் பிறந்தவங்க?”

“ஒரு அண்ணா. காணாமல் போனவர்.”

நடுவர் போனைக் கீழே வைத்தார். அதுவரை என் குரலுக்குக் கிடைக்காத மரியாதை, ஒரே சொல்லில் என் அண்ணாவுக்குக் கிடைத்தது. கதிரை கொண்டுவந்து போட்டார்கள். தண்ணீர் தந்தார்கள். “சொல்லுங்க, சொல்லுங்க” என்றார்கள்.

சொன்னேன். வெட்கத்தை விட்டு இங்கேயும் சொல்கிறேன், எல்லாவற்றையும் சொன்னேன். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு காலையில், தண்ணீர்ப் பம்புக்கு ஒரு சாமான் வாங்கவென்று அண்ணா சைக்கிளில் டவுனுக்குப் போனார். அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. அம்மா ஏறாத முகாம் இல்லை, போகாத விசாரணை இல்லை. இன்றைக்கும் பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மாரோடு தெருவோரம் கொட்டகை போட்டு, மடியில் படத்தை வைத்துக்கொண்டு இருப்பவர். எங்கள் வீட்டில் அப்பாவின் படத்துக்கு மாலை உண்டு, சின்ன பல்ப் உண்டு. அண்ணாவின் படம் எதிர்ச் சுவரில் வெறுமனே இருக்கும். கோயில் பூவைக்கூட அதன் பக்கத்தில் வைக்க அம்மா விடமாட்டார். யாராவது வாய்தவறி “அவன் இருந்த காலத்தில” என்று தொடங்கினால் போதும், “இரிக்கிற காலத்தில எண்டு செல்லுகா” என்று பாய்ந்து விழுவார்.

இதையெல்லாம் பேர்கூடத் தெரியாத மனிதர்களிடம் ஏன் சொன்னேன்? கொழும்பில் நடக்கும் அடுத்த சுற்றுக்குப் போகவேண்டும் என்ற ஆசை. வேறு ஒரு காரணமும் இல்லை. பாட்டை வைத்து ஒருமுறையாவது துணிக்கடையைத் தாண்டிப் போகவேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது.

அடுத்த கிழமை படம்பிடிக்க வீட்டுக்கு வந்தார்கள். அம்மா வட்டைக்குப் போயிருந்தார், வயலில் அறுவடை நேரம். டீவிக்காரர் வருகிறார்கள் என்று சொன்னபோது, “வரட்டும் மனே, டீ போட்டுக் குடு” என்றுவிட்டுத்தான் போனார். வந்தவர்கள் டீயைக் குடித்தார்கள். பிறகு என் வீட்டை ஏழையாக்கத் தொடங்கினார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தினார்கள். கதிரைகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப் பாய் விரித்தார்கள். நான் உடுத்திருந்த நல்ல சேலையை மாற்றச் சொன்னார்கள். அடப்பாவிகளா, அந்தச் சேலையை எனக்குப் பிடித்த நிறத்தில் தேடி எடுக்க இரண்டு மாதம் ஆனது!

கடைசியில் இயக்குநர் அண்ணாவின் படத்தைப் பார்த்தார். திரும்பி அப்பாவின் படத்தைப் பார்த்தார். உதவியாளரைக் கூப்பிட்டு, “அந்த மாலையைக் கழட்டி இதுக்குப் போடுங்க” என்றார்.

“ஐயோ வேணாம் சேர். அண்ணா செத்தவர் இல்ல. நான் அண்டைக்குச் சொன்னனே.”

“தெரியும் தங்கச்சி. ஆனா காணாமப் போனதுன்னா எப்படிக் காட்டுறது? பாக்குறவங்களுக்கு உடனே விளங்கணும். மாலை போட்டாத்தான் விளங்கும். ரெண்டே நிமிஷம், கழட்டிடலாம்.”

என்ன நியாயம் பாருங்கள்! ஒரு தாய் இத்தனை வருடமாகப் பிடிவாதமாக நிற்பது அவருக்கு விளங்குகிற மாதிரி இல்லையாம். சாவென்றால் வசதியாம். இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு உலுக்கவில்லை. “பிறகு ஸ்டோரி இல்லாமப் போயிடும்” என்று அவர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். உதவியாளர் போட்ட மாலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. “அக்கா, கொஞ்சம் நேராக்குங்களேன்” என்றார். நேராக்கினேன். கமெரா ஓடிக்கொண்டிருந்தது. பாடினேன். அழுகை வரவில்லை. கண்ணைத் துடைக்கச் சொன்னார்கள், வராத கண்ணீரையும் துடைத்தேன். அந்த மாலைக் காட்சியைப் போடவேண்டாம் என்று போகும்போது கேட்டேன். “பாத்துக்கலாம்” என்றார்கள். மாலையை அப்பாவுக்கே திரும்பப் போட்டுவிட்டேன். அம்மா பின்னேரம் வந்தபோது வீடு பழையபடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் மின்சாரம் போயிருந்ததால் அம்மாவும் நானும் பார்க்கவில்லை. திங்கள் காலை முதல் ஆளாகப் பக்கத்து வளவு மாமி வந்தார். வெள்ளைச் சேலை. கையில் சீனியும் தேயிலையும். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். செத்த வீட்டுக்குப் போகிற கோலம். வாசலில் அம்மாவைக் கண்டதும் மாமி கட்டிப்பிடித்துக் குரல் எடுத்தார்.

“கடைசியா முடிவு தெரிஞ்சிட்டாகா? எங்களுக்கு ஒரு சொல்லுச் செல்லல்லையே! டீவியில மாலையோட பாத்த உடனே எனக்கு நெஞ்சு வெடிச்சிட்டு.”

அம்மா அழவில்லை. மாமியின் கையை விலக்கிவிட்டு உள்ளே வந்து என் முன்னால் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“உனக்கு எப்ப மனே தெரியும்? என்னட்ட ஏன் மறைச்ச?”

இதை எப்படித் தாங்குவது? என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணாவின் சாவுச் செய்தி வந்து, அம்மா தாங்கமாட்டார் என்று நான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று அந்த மனிசி நினைத்துவிட்டார். காலில் விழாத குறையாகச் சொன்னேன். செய்தி ஒன்றும் வரவில்லை அம்மா, பாட்டுப் போட்டிக்காக, டீவிக்காரர் கேட்டதற்காக. அம்மாவுக்கு விளங்க வெகு நேரம் எடுத்தது. விளங்கியபின் வந்தவர்களுக்குச் சீனியையும் தேயிலையையும் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மத்தியானமே டீவியிலிருந்து அழைப்பு வந்தது. கொழும்புச் சுற்றுக்கு என்னை எடுத்துவிட்டார்களாம். “அம்மாவையும் கூட்டிட்டு வாங்க அக்கா. அண்ணாட போட்டோவோட முன் வரிசையில இருக்கட்டும்.” என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அந்தப் பிள்ளை பாவம், அவள் வெறும் ஒருங்கிணைப்பாளர். ஆனாலும் திட்டினேன்.

அதோடு முடியவில்லை. எங்கள் கிராம உத்தியோகத்தரும் டீவி பார்த்திருக்கிறார். முடிவு தெரிந்தால் குடும்பப் பதிவில் அண்ணாவை இறந்தவர் என்று மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த நாள் அம்மா என்னைக் கையோடு அவருடைய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். நடந்ததைக் கேட்ட அவர் சங்கடத்தோடு, “அப்ப ஒரு கடிதம் எழுதித் தாங்க, பைலில வைப்பம்” என்றார்.

எழுதினேன். தொலைக்காட்சிப் போட்டியில் தெரிவாவதற்காக என் அண்ணாவின் படத்துக்குப் பொய்யாக மாலை போட இடம் கொடுத்தேன் என்று, என் கைப்பட. அண்ணா இறந்ததாக எந்தத் தகவலும் கிடைக்கவில்லை என்றும் எழுதினேன். அது போதும் என்றார் கிராம உத்தியோகத்தர்.

அம்மா கடிதத்தை வாங்கி, விரல் வைத்து வாசித்தார்.

“உயிரோட இரிக்கான் எண்டு இதில இல்லையே. எழுது.”

பேனையைத் தாளில் வைத்தேன். இரண்டு சொல். துயரப் பக்கம் கேட்டவர்கள் மேலும், மாலை கேட்டவன் மேலும் எனக்கிருந்த ஆத்திரத்துக்கு நான் அதை ஒரு நொடியில் எழுதியிருக்க வேண்டும். என் கை ஓடவில்லை. அந்த மாலையை நான் நேராக்கியபோது என் விரல் நடுங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எப்போதோ, எந்த வருடம் என்று தெரியாமலே, என் மனதில் அண்ணா செத்துப்போயிருந்தார்.

அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனையை வாங்கி, குனிந்து, அந்த வரியைத் தானே எழுதினார். எழுதி முடித்து நிமிராமலே கேட்டார்.

“அப்ப இவ்வளவு காலமும் நான் தனியத்தான் தேடியிரிக்கன், என்ன?”