லொரெட்டா கத்தவில்லை

அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் லொரெட்டா கோவல்சிக். ஒரு அதட்டல் போட்டால் அறுபது பிள்ளைகளும் கப்சிப். அதே லொரெட்டா ஏரிக்கரைச் சதுப்பு நிலத்தில் தண்ணீர்மேல் போட்ட மரப்பாதையில் ஏறிவிட்டால் மூச்சுக்காற்றில்தான் பேசுவாள். பறவை பார்க்கிற எங்கள் கூட்டத்துக்கு அது சட்டம் மாதிரி. பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் பறவைகள் வலசை வருகிற மே மாதத்தில் ஒருநாள்கூடத் தவறமாட்டாள். தும்மிய ஒருவனை முறைத்தே விரட்டியிருக்கிறாள், ராட்சசி.

அன்று காலை நான் அவளை விட்டு முப்பதடி முன்னால் போய்விட்டேன். நாணலுக்குள் ஒரு குருகு, கழுத்தை மேலே நீட்டி அசையாமல் நின்றது. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்க மனசு வரவில்லை.

"பெர்னி..." என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

திரும்பாமலே கையை உயர்த்தினேன். பேசாதே, அசையாதே என்று எல்லாருமே அப்படித்தான் காட்டுவோம். அவள் அடங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் ஏதோ தொபுக்கென்று விழுந்தது. காப்பிக் குடுவையைப் போட்டுவிட்டாளா, சனியன் என்று எரிச்சலோடு திரும்பினேன்.

 லொரெட்டா இருந்தது, ஓரத்துத் தடுப்புக் கட்டை பனிக்காலத்தில் பெயர்ந்துபோன இடம். குடுவை தண்ணீரில் மிதக்க, நாற்காலியின் இடது முன்சக்கரம் அதற்கு மேல் தொங்கியது. நாற்காலி சாய்ந்துகொண்டே இருந்தது. இடுப்பில் வார் மாட்டியிருந்தாள். கவிழ்ந்தால் நாற்காலியோடு தலைகீழாகத்தான் போவாள். வேலை செய்கிற ஒரே கையால் வலது சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஓடிப்போய் நாற்காலியின் பிடியைப் பற்றினேன். விழாமல் நிறுத்தத்தான் முடிந்தது, இழுக்க முடியவில்லை. 

"கத்துடி! வளைவுக்கு அந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்க!"

"குருகு பறந்துடும்டி." அதையும் கிசுகிசுத்தாள்.

"பறந்து நாசமாப் போகட்டும்!"

தொண்டை கிழியக் கத்தினேன். குருகு எழுந்து போயிற்று. இரண்டு பேர் கோபமாக வந்தார்கள். ஒருவன் உதட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்து ஓடிவந்தான். மூன்று பேரும் சேர்ந்து மேலே இழுத்துப் போட்டோம்.

"ஏண்டி, பஸ்ல போட்ட சத்தமெல்லாம் எங்கடி போச்சு?" என்று அழுதுகொண்டே திட்டினேன்.

"நீதானே கை காட்டினே," என்றாள்.  "சரி, பார்த்து முடிக்கட்டும்னு இருந்தேன்."

 அந்தத் தொபுக் சத்தம் கேட்டபோதும் நான் பார்த்து முடித்திருக்கவில்லை.