அத்தை கேட்காத கேள்வி

எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவரைப் பிரசிடெண்டு என்றுதான் சொல்வோம். போன தேர்தலில், இருக்கிற பிரசிடெண்டையும் அவரை எதிர்த்து நின்றவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு நிற்கிற இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பேசியதைப் போனில் முழுசாகப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். படித்ததற்கு ஊருக்கு எதையாவது செய்துகாட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு துடிப்பு இருந்தது. இளைஞர் மன்றத்தில் எல்லோரும் சரி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் வைப்பது என்று முடிவானது. ஞாயிறன்று மலைக்கு ஜீப்பு போகாது, பெண்களும் வருவார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு ஏலக்காய்த் தோட்ட வேலை. விடியுமுன் ஜீப்பு ஏறி, போடிமெட்டைத் தாண்டி, கேரளத்து எஸ்டேட்டில் காய் எடுத்துவிட்டு இருட்டுகிற நேரம் வந்து இறங்குவார்கள். அந்த வருஷம் காய் விலை விழுந்துவிட்டது. களை எடுக்க ஆள் வேண்டாம், கவாத்துக்கு ஆள் வேண்டாம் என்று எஸ்டேட்காரர்கள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நான்கு ஜீப்பு போன ஊரிலிருந்து இரண்டுதான் போயிற்று. ஜீப்பில் இடம் இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று ஊரே இரண்டு வகையானது. அம்மா போய்க்கொண்டிருந்த ஜீப்பு நின்றுவிட்டதால் நாங்கள் இல்லாத வீடு.

இதற்கு யார் காரணம் என்பதில் இன்னொரு பிரிவு. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, ஆனால் எவர் எந்தக் கட்சி என்று கைக்குழந்தைக்கும் தெரியும். டீக்கடையில் தினமும் இதே பேச்சு.

“எல்லாம் டெல்லிக்காரன் பண்ற வேலைண்ணே. வெளிநாட்டுக் காய உள்ள விட்டா நம்ம காய எவன் வாங்குவான்?”

“டெல்லிக்காரன் வந்துதான் உங்க ஜீப்ப நிப்பாட்டுனானாக்கும். மெட்ராசுல இருக்கறவுக என்ன, கோலி வெளாடுறாகளா?”

“ஏப்பா, தோட்டம் இருக்கறது கேரளாவுல. ரெண்டு பேருமாச் சேந்து அவன வைங்க, டீ ஆறுது” என்றார் கடைக்காரர்.

பிரசிடெண்டை எதிர்த்து நின்றவர் பக்கம் நான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, மைக்கைப் பிடிக்கப்போகிறவன் பொதுவானவனாகத் தெரிய வேண்டும் அல்லவா.

கேள்விகளைச் சீட்டில் எழுதித் தர வேண்டும், நான் வாசிப்பேன், வாசிக்கும்போது கேட்டவர் எழுந்து நிற்க வேண்டும் என்று விதி வைத்தேன். யாரோ எழுதிப் போட்ட சீட்டு என்று சொல்லி வேட்பாளர் நழுவிவிடக் கூடாது என்பது என் கணக்கு. எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக்கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு அத்தையும் வந்தார். சொந்தம் கிடையாது, சின்ன வயதிலிருந்து அத்தை என்றே கூப்பிட்டுப் பழக்கம். அவர் வேலைக்குப் போகிற ஜீப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மகளைப் போடியில் நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பு, எனக்கும் ஒண்ணு எழுது. வேலை இல்லாத அன்னிக்கு யாரும் சொல்ல மாட்டேங்குறாக. சோத்தக் கட்டிக்கிட்டு இருட்டுல போயி நிக்கிறோம். விடிஞ்சப்பறம் இன்னிக்கு ஜீப்பு இல்லைங்குறாக. முந்தின நாளு சாயங்காலமே பஞ்சாயத்து மைக்குல சொல்லிட்டா, நாங்க சிலமலைப் பக்கம் காட்டு வேலைக்காவது போயிருவம்ல. அதுக்கு ஏற்பாடு பண்ணுவாகளான்னு கேளு.”

எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை எல்லாச் சீட்டையும் நல்ல தாளில் திரும்ப எழுதும்போது அது என் கண்ணுக்குச் சின்னக் கேள்வியாகப் பட்டது. ஊர்ப் பொருளாதாரமே கவிழ்ந்து கிடக்கும்போது மைக்கில் அறிவிப்பதா பிரச்சினை என்று தோன்றியது. அத்தை சொல்லத் தெரியாமல் சொல்கிறார், அவர் மனதில் இருப்பதை நாம் சரியாகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் பிரசிடெண்டு திணறுவதைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது, அதுதான் நிஜம்.

கூடம் நிறைந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவர் கட்சியை ஒருவர் குறை சொல்லியே பாதி நேரத்தை ஓட்டினார்கள். நான் அத்தையின் பெயரைச் சொல்லி, சீட்டை எடுத்து வாசித்தேன்.

“ஏலக்காய் விலை விழுந்ததற்கும் எங்கள் வேலை பறிபோனதற்கும் உங்கள் கட்சிதான் காரணம். எந்த முகத்தோடு மறுபடியும் ஓட்டுக் கேட்கிறீர்கள்?”

பெயரைச் சொன்னதுமே அத்தை எழுந்து நின்றுவிட்டார். நான் வாசித்து முடித்ததும் என்னைப் பார்த்தார். ஒரு பக்கம் விசில் பறந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து, “உக்காரு ஆத்தா, எழுதிக் குடுத்தவன எந்திரிக்கச் சொல்லு” என்று யாரோ கத்தினார்கள். பிரசிடெண்டு மைக்கை வாங்கி, “யாரு சொல்லிக் குடுத்து இதக் கேக்குற?” என்றார்.

நான் சொல்லியிருக்கலாம். மைக் இன்னொன்று என் கையில்தான் இருந்தது.

“யாரும் சொல்லலைய்யா. நானாத்தான் கேட்டேன்” என்றார் அத்தை.

கலைந்து போகும்போது இரண்டு தரப்பும் நம்மாளு பின்னிட்டாருல்ல என்று பேசிக்கொண்டுதான் போயின. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அத்தை நிற்கிற வீடியோ எல்லாப் போனுக்கும் வந்துவிட்டது. படத்தில் அத்தை இருந்தார். குரல் மட்டும் என்னுடையது.

அத்தையின் ஜீப்பை ஓட்டுகிறவர் பிரசிடெண்டின் தங்கை வீட்டுக்காரர். திங்கட்கிழமை, “லோடு ஆயிருச்சுத்தா” என்று அத்தையை விட்டுவிட்டுப் போனார். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது.

“அக்கா, ஒரு எடம் இருக்கு, வெரசா வாங்க.”

“அவ வரலையா?” என்று அம்மா பக்கத்து வீட்டைப் பார்த்தாள்.

“அவுகளுக்குக் கட்சிச் சோலி இருக்கும்ல.”

அம்மா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு உள்ளே போய் முந்தின நாள் சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள். அம்மா வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே அத்தையைப் பார்க்கப் போனேன். மக்காச்சோளக் காட்டுக்குக் களைவெட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்த வேலை வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. நான் மாற்றி எழுதியதைச் சொன்னேன்.

“படிச்ச புள்ள, வெவரமா எதுவோ எழுதியிருக்கன்னு நெனச்சேன். எந்திரிச்சு நிக்கணும்ன, நின்னேன்” என்றார். களைக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “என் கேள்விய நீ அப்பறம் வாசிப்பன்னு கடேசி வரைக்கும் உக்காந்திருந்தேன் அப்பு” என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தேர்தலில் பழைய பிரசிடெண்டே ஜெயித்தார். ஜெயித்த பிறகு கோபம் இருக்காது என்று கணக்குப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவரிடம் போனேன். ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான், என் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே ஜீப்பில்தான்.

“மாமா, அந்தக் கேள்வி அத்தை கேட்டதில்ல. நானா எழுதுனது.”

குழாயை மூடாமல் என்னைப் பார்த்தார். “உன்னைய நான் ஒண்ணும் சொல்லலையே மாப்ளே. எழுதிக் குடுத்தத வாசிச்சான், அவன் என்ன பண்ணுவான்னு எங்க மச்சான்கிட்டயே சொன்னேன்.”

“அதான் சொல்றேன். தப்பு என்னுது. அவுகள மறுபடி ஏத்திக்கங்க.”

“ஏத்தலாம்” என்றார். “எடம் வேணும்ல. அந்த எடத்துல உங்காத்தா உக்காந்திருக்கு. எறக்கிவிட்ரவா?”

குத்திக்காட்டுகிற குரலாக அது இல்லை. நிஜமாகவே என் பதிலுக்காக நின்றார். தண்ணீர் சக்கரத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது.

“நீயே சொல்லு மாப்ளே. நாளைக்கே மாத்திருவோம்.”

“யோசிச்சுச் சொல்றேன் மாமா” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா அதே ஜீப்பில்தான் போய்வருகிறாள். சீட்டை மாற்றி எழுதியது நான்தான் என்று அவளிடம் சொல்லவே இல்லை. சொன்னால் இறங்கிவிடுவாள் என்று தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் இருக்கிறேன்.